அமராவதியோட துணிக்கம்பி

அட, பாத்துங்க! காலு பைப்பு மேல படுது பாருங்க. அலுமினியமுங்க, ஒருக்கா வளைஞ்சுதுன்னா அப்புறம் நிமுத்தவே முடியாது. ஆங், அப்புடி ஓரமா வெச்சுக்குங்க. உடுமலை வரைக்கும் கொஞ்சம் பொறுத்துக்குங்க, நானும் அங்கதான் எறங்கறேன்.

அந்தக் கண்டக்டரு கேட்டதக் கேட்டீங்கல்ல? "பந்தல் போடறவுங்களா பெரியவரே"ங்கறான். பந்தலாமா! முப்பது வருசத்துக்கு மேல பாலிடெக்னிக்ல எலக்ட்ரானிக்ஸ் சொல்லிக் குடுத்த மனுசனப் பாத்துக் கேக்கற கேள்வியா அது? ஆன்டனாடான்னு சொன்னா, "இப்பத்தான் எல்லாரும் டிஷ் வெச்சுட்டாங்களே"ங்கறான். அவனுக்கு வெளக்கிச் சொல்றதுக்கு இந்த பஸ்ஸு கன்னியாகுமரி போனாலும் பத்தாது.

உங்களப் பாத்தா நாலு எழுத்து படிச்சவராத் தெரியுது, அதனால சொல்றேன். இது டி.வி. ஆன்டனா இல்லீங்க. ஹாம் ரேடியோன்னு கேள்விப்பட்டிருக்கீங்களா? பரிச்சை எழுதி, கவர்மெண்டு லைசென்ஸ் வாங்கி, ஊட்டுல உக்காந்துக்கிட்டே ஒலகத்துல எங்க இருக்கறவன்கூட வேணாலும் ரேடியோவுல பேசறது. நடுவுல போன் கம்பெனியும் கெடையாது, இண்டர்நெட்டும் கெடையாது. நம்ம ஆன்டனா ஒரு பக்கம், அவன் ஆன்டனா ஒரு பக்கம், நடுவுல ஆகாசம். அவ்வளவுதான்.

என்னங்க? உங்க தோட்டத்துல ஒரு சார்ட்வேவ் ரேடியோ கெடக்குதா? வெளிநாட்டு ஸ்டேசனெல்லாம் கொரகொரங்குதா? எதுல கேக்கறீங்க, செட்டுலயே இழுத்து விடறாங்களே அந்தக் கம்பியிலயா? அட கெரகமே. அது ஆன்டனாவே இல்லீங்க. பொம்மைக்கு வெச்ச மீசை அது. அதுல எடுக்கலைன்னு வருத்தப்படறதே தப்பு.

என்ன ஆன்டனா போடலாம்னு கேக்கறீங்க. நல்ல ஆளாப் பாத்துக் கேட்டீங்க. வேற எவனக் கேட்டாலும் ஒரே பதில்தான் வரும்: "இருவது முப்பது அடி வயரு வாங்குங்க, ஜன்னல் வழியா வெளிய விட்டு மரத்துல கட்டுங்க, போதும்." போதுமாம்! படிக்கச் சோம்பேறித்தனப்படறவன் சொல்ற பேச்சுங்க அது. யாகின்னு ஒண்ணு இருக்குது, மீன் முள்ளாட்டம் இருக்கும், எந்தத் தெசையப் பாத்து வெக்கறமோ அங்கிருந்து இழுத்துட்டு வரும். வளையமாப் போடறது ஒண்ணு, அக்கம்பக்கத்து மோட்டாரு எரைச்சலக் கழிச்சுக் குடுக்கும். நெட்டுக்குத்தலா நிக்கறது வெர்டிகல். நடுவுல வெட்டி ரெண்டு பக்கமும் சமமா இழுத்துக் கட்டுனா டைபோல். ஒவ்வொண்ணுக்கும் ஒயரம் என்ன, நீளம் என்ன, தரைக்கு என்ன பண்ணோணும், எல்லாத்தையும் பாக்கோணும். பாக்காம எதையாவது கட்டிட்டு ஒலகத்தோட பேசறேன்னு திரியறானுங்க.

எங்க கோபில ரேடியோ கிளப்பு ஒண்ணு இருக்குதுங்க. புதுசா எவன் வந்தாலும் கிளப்புக்காரங்க எங்கிட்டத்தான் அனுப்புவாங்க. "மொதல்ல போயி சென்னியப்பன் சாரோட மொட்டை மாடியப் பாத்துட்டு வாங்க, அப்பறமா ஆன்டனா வாங்கறதப் பத்தி ரோசனை பண்ணுங்க"ம்பாங்க. அவ்வளவு மரியாதை. வர்றவனும் மாடியேறி ஒவ்வொண்ணாப் பாப்பான், நான் சொல்றத எல்லாம் கேப்பான், காப்பி குடிப்பான். போற வழியில ஒரு சுருள் வயரு வாங்கிட்டுப் போயி மாமரத்துல கட்டிக்குவான். அடுத்த வாரம் கிளப்புல என்னப் பாத்தா வாயப் பொத்திக்கிட்டுச் சிரிப்பான். இவனுங்களுக்குப் போயி மெனக்கெட்டுச் சொல்றமேன்னு இருக்கும்.

கடைசில நான் எதத் தேர்ந்தெடுத்தேன்னு கேக்கறீங்களா? பாத்துக்கிட்டிருக்கறனுங்க. அவசரப்பட்டுத் தேர்ந்தெடுக்கற விசயமா இது?

இருங்க, பல்லடம் வந்துருச்சு. ஏம்மா, அந்தக் கூடைய இக்கட்டால வெய்யி, பைப்பு மேல சாய்க்காத. பாருங்க, அவுங்களுக்குக் கூடை ஒண்ணுதான் ஒலகத்துல பெருசு.

இந்த வயரு, வயருன்னு சொல்றானுங்களே, அதுல முதல் ஆளு நாச்சிமுத்துங்க. அவனப் பாக்கத்தான் இப்பப் போறேன். பாக்கறதுக்குன்னு இல்ல, ஒரு வேலையாப் போறேன். பாலிடெக்னிக்ல ரெண்டு பேரும் ஒண்ணாப் படிச்சு, ஹாஸ்டல்ல ஒரே ரூமுல கெடந்து, அதே பாலிடெக்னிக்ல வாத்தியாரும் ஆனோம். நான் எலக்ட்ரானிக்ஸ், அவன் டிராயிங் வாத்தியாரு. கோடு போடச் சொல்லிக் குடுத்தவன், ஆன்டனாவையும் கோடுன்னே நெனைச்சுட்டான். ஹாஸ்டல்ல எங்கிட்ட ஒரு பழைய செட்டு இருந்துச்சு. அதுல வெளிநாட்டுத் தமிழ் ஒலிபரப்பக் கேப்போம். எடுக்கலைன்னா நான் புஸ்தகத்தப் பொரட்டுவேன். அவன் கொடியில காயற ஜட்டியத் தள்ளிட்டு, அந்தக் கொடிக்கம்பிய ரேடியோவோட சேத்து முறுக்கி விடுவான். எடுத்துத் தொலைக்கும்.

ரிட்டயர் ஆன பொறவு ரெண்டு பேருமே லைசென்ஸ் பரிச்சை எழுதுனோம், ரெண்டு பேருமே பாஸு. பரிச்சை முடிஞ்சு வெளிய வந்து டீ குடிக்கறப்பத்தான் ஒரு ஒப்பந்தம் போட்டான். "சென்னி, ரேடியோவுல என்னோட மொதப் பேச்சு உன்கூடத்தான்டா. உன்னோட மொதப் பேச்சும் என்கூடத்தான் இருக்கோணும். அதுக்கு முன்னால வேற எவன்கூடவும் பேசறதில்ல." சரின்னுட்டேன். எங்க துறையில மொதத் தொடர்புங்கறது சாமானியமில்லீங்க. சாகற வரைக்கும் சொல்லிக்கிட்டே இருப்பாங்க.

அவன் உடுமலையில மக ஊட்டுப் பக்கமாக் குடி போயிட்டான். போன சூட்டோட ரெண்டு வேப்பமரத்துக்கு நடுவுல ஒரு வயர இழுத்துக் கட்டிட்டு, "நான் தயாரு, நீ?"ன்னு கேட்டான். நான் வெர்டிகலுக்குப் பைப்பு பாத்துக்கிட்டிருந்தேன். ஒரு நாளு எங்க ஊட்டுக்கே வந்துட்டான். மொட்டை மாடில அமராவதி துணி காயப்போடற கம்பி இருக்குது, அமராவதின்னா எங்க ஊட்டுக்காரிங்க. இவன் அந்தத் துணிக்கம்பில ஒரு கிளிப்ப மாட்டி, வயரக் கீழ ரூமுக்குக் கொண்டாந்து, கம்பிய செட்டுக்கு ஒத்துப்போக வெக்கற டப்பா ஒண்ணையும் நடுவுல வெச்சு, என்னோட ஆன்டனா சுவிட்சுல ஒண்ணாம் நம்பருல சொருகிட்டான். "இது போதும்டா நம்ம ரெண்டு பேரும் பேசறதுக்கு"ங்கறான். எப்புடி இருந்திருக்கும் எனக்கு? ரெண்டாம் நம்பர்ல யாகி, மூணுல வளையம், நாலுல வெர்டிகல். ஒண்ணாம் நம்பர்ல எம் பொண்டாட்டியோட துணிக்கம்பி.

நான் அதக் கழட்டலீங்க. ஏன் கழட்டோணும்? வர்றவனுக்கெல்லாம் மோசமான ஆன்டனான்னா எப்புடி இருக்கும்னு காட்டறதுக்கு ஒண்ணு வேணுமல்ல.

பொறவு ஒரு நாளு போன் பண்ணி, "என்னடா, இன்னும் ஆன்டனா பாத்துக்கிட்டிருக்கயா? பொண்ணு பாக்கறதுக்குக் கூட இவ்வளவு நாளு எடுத்துக்கலயே நீயி"ன்னான். எனக்கு வந்துச்சு பாருங்க ஆத்திரம். "இனிமே உன்கூடப் பேசுனா ரேடியோவுலதான்டா, போன் பண்ணாத"ன்னு வெச்சுட்டேன். அவனும் ரோசக்காரன். "சரிடா, ரேடியோவுலயே வா"ன்னான். அதோட போனும் போச்சு. ரெண்டு ஊட்டுப் பொம்பளைங்க மட்டும் போன்ல பேசிக்குவாங்க, தக்காளி வெலை, வெள்ளைப்பூண்டு வெலைன்னு.

நீங்க சிரிக்காதீங்க. இவ்வளவு வயசாகி இப்புடியான்னுதான கேக்க வர்றீங்க? வயசுக்கும் ஆன்டனாவுக்கும் என்ன சம்பந்தம்?

ஆனா ஒண்ணு, சொன்ன சொல்லக் காப்பாத்துனானுங்க. ஞாயித்துக்கெழம காலைல டிபன் சாப்பிட்ட கையோட வந்துருவான். முறைப்படி அவன் கால்சைனச் சொல்லி, கவர்மெண்டு குடுக்கற அடையாளப் பேருங்க அது, எங் கால்சைனச் சொல்லி, "சென்னி, சென்னி, நாச்சி கூப்பிடறேன், கேக்குதாடா, ஓவர்"ம்பான். கம்முனு இருந்து கேப்பான். மறுபடியும் கூப்பிடுவான். வேற யாராவது குறுக்க வந்து "வணக்கம் சார், உங்க சத்தம் நல்லா வருது"ன்னா பதில் குடுக்க மாட்டான். எங்கூட மொதல்ல பேசாம எவன்கூடவும் பேசக்கூடாதல்ல. எல்லாரும் அவனக் கிண்டல் பண்ணுவாங்க. "உடுமலைக்காரரு இன்னிக்கும் வந்துட்டாரு, கோபிக்காரரத்தான் காணோம்"பாங்க. மழை பேஞ்சாலும் வருவான், பொங்கலுக்கும் வருவான்.

எனக்கு அது நெம்பச் சவுகரியமாப் போச்சுங்க. வாரா வாரம் ஒரே எடத்துல இருந்து, ஒரே மனுசன், ஒரே செட்டுல, ஒரே மாதிரி கூப்பிடறான். ஆன்டனாவச் சோதிச்சுப் பாக்க இதவிட வேறென்ன வேணும்? சுவிட்ச மாத்தி மாத்திப் பாப்பேன். யாகில வெச்சா மீட்டர்ல முள்ளு இத்தனை போகுது, வளையத்துல இத்தனை போகுதுன்னு கணக்குப் பாப்பேன். வெர்டிகல்ல அவன் சத்தம் சுத்தமாக் கேக்காது. அதுல பிரேசில்காரன் சத்தம் கேக்கும், ஜப்பான்காரன் சத்தம் கேக்கும், உடுமலை கேக்காது. ஒசந்த ஆன்டனாவோட லட்சணம் அது, தூரத்துல இருக்கறவனத்தான் மதிக்கும். துணிக்கம்பில? துணிக்கம்பில நல்லாத்தான் வரும். தாழ்வாக் கெடக்கற கம்பி சிக்னல நேரா மேல விட்டு, அது ஆகாசத்துல பட்டுத் திரும்பி பக்கத்து ஊருலயே வந்து உழுகும். அது ஒரு பெருமையா? அதையும் கணக்குக்குச் சேத்துக்குவேன், அவ்வளவுதான்.

பதில் சொல்லலையான்னு கேக்கறீங்க. எதுல சொல்றது? இன்னும் ஆன்டனா முடிவாகலையே! மொதத் தொடர்ப அரைகுறையாப் பண்ணுனா அது காலத்துக்கும் அரைகுறைதான். எஸ்.டபிள்யூ.ஆர்.னு ஒண்ணு இருக்குது, நாம அனுப்பறதுல எவ்வளவு ஆகாசத்துக்குப் போகுது, எவ்வளவு திரும்பி நம்ம செட்டுக்கே வருதுன்னு காட்டும். அது சரியா வரோணும். ஒருக்கா எல்லாம் சரியா வந்துச்சுன்னு மைக்க எடுத்து பட்டன அமுத்துனேன். அமுத்திட்டு... என்ன சொல்றதுன்னு... இல்லீங்க, அன்னிக்கு எஸ்.டபிள்யூ.ஆர். ஏறிருச்சு. உள்ளங்கை வேத்து மைக்கு வழுக்குச்சு. உட்டுட்டேன்.

பயமா? எனக்கா? எத்தன ஆயிரம் பசங்களுக்குப் பாடம் எடுத்தவன் நானு! என்ன கேள்வி கேக்கறீங்க நீங்க?

சரி உடுங்க. நீங்க தெரியாமக் கேட்டுட்டீங்க.

மாசி, பங்குனி வாக்குல அவன் சத்தம் ஒரு மாதிரி ஆச்சுங்க. கரகரன்னு வந்துச்சு, கூப்பிடறப்ப நடு நடுவுல பிசுறடிச்சுச்சு. நான் அப்பவே சொன்னேன் அமராவதிகிட்ட, "பாத்தயா, வயரு துருப்புடிச்சுருச்சு. சலீசான வயரு வாங்கிக் கட்டுனா இந்த லட்சணம்தான்." வாரா வாரம் மோசமாகிட்டே போச்சு. "சென்னி"ங்கறதே "ச்சி"ன்னு கேக்கற மாதிரி ஆயிருச்சு. ஜாயிண்டு விட்டுருச்சு, கேபிளுல தண்ணி எறங்கிருச்சுன்னு ஒவ்வொரு வாரமும் ஒரு காரணம் கண்டுபுடிச்சேன். அவன் கெட்ட கேட்டுக்கு எவ்வளவு படிப்பு படிச்சேன்னு நெனைக்கறீங்க?

வெள்ளிக்கெழம ஒரு நாளு அமராவதி போனக் கையில புடிச்சுக்கிட்டே வந்து நின்னா. நாச்சி ஊட்டுக்காரி தெய்வானை பேசுனாளாம். அழுதாளாம். நாச்சிக்குத் தொண்டையில கட்டியாம். கோயமுத்தூருல டாக்டரு பாத்துட்டு, குரல்வளையவே எடுத்தாகோணும்னு சொல்லிட்டாராம். செவ்வாக்கெழம ஆப்பரேசன். அதுக்குப் பொறவு பேச்சு வராதாம். "வர்ற ஞாயித்துக்கெழம ஒருக்கா அந்த மனுசன்கூடப் பேசச் சொல்லு அமரு, ரேடியோ முன்னாலயே உக்காந்துருக்காரு"ன்னாளாம்.

இந்த டாக்டருங்க சொல்றத எல்லாம் நம்ப முடியுங்களா? எனக்கே மூட்டு மாத்தோணும்னான் ஒருத்தன், இன்னும் அதே மூட்டுலதான் மாடியேறறேன். இருந்தாலும் சனிக்கெழம பூராவும் மாடிலயே கெடந்தேன். வெர்டிகலக் கழட்டி இன்னும் பத்தடி பைப்பு சேத்து நிறுத்துனேன். வெயில்ல மண்டை காஞ்சுச்சு. அமராவதி கீழ இருந்து கத்தறா: "அங்க அந்த அண்ணனுக்குத் தொண்ட போகப் போகுது, இங்க நீங்க கொடிமரம் நட்டுக்கிட்டிருக்கீங்களா?" அவளுக்கு என்ன தெரியும்? அவனுக்குக் குரலு இருக்கறது இந்த ஒரு ஞாயித்துக்கெழமதான்னா, அத நல்ல ஆன்டனால கேக்கோணுமா, மட்டமான ஆன்டனால கேக்கோணுமா? நீங்களே சொல்லுங்க.

சொல்ல மாட்டீங்க. எல்லாரும் அவ பக்கம்தான்.

ஞாயித்துக்கெழம ஆச்சு. நான் குளிச்சுட்டு, பட்டையப் போட்டுக்கிட்டு உக்காந்தேன். வெர்டிகல்ல போட்டா வெறும் இரைச்சல். பிரேசில்காரன் எவனோ கத்திக்கிட்டிருக்கான். யாகில போட்டேன், வளையத்துல போட்டேன், மாத்தி மாத்திப் போட்டுக்கிட்டே இருந்தேன். அப்பத் தெளிவா வந்தான். "சென்னி... நாச்சி... கேக்குதாடா." மூச்சு வாங்குது. ஒரு வார்த்தை சொல்லிட்டு நிறுத்தி நிறுத்திப் பேசறான். முள்ளு நல்லாப் போகுது, சத்தம்தான் கந்தல். எங் கையில மைக்கு இருந்துச்சு. இருந்துச்சு, அவ்வளவுதான்.

மூணு தடவை கூப்பிட்டானுங்க.

அப்பத்தான் குறுக்க ஒருத்தரு வந்தாரு. கொச்சிக்காரரு. தமிழ் பேசுவாரு. "சாரே, ஒரு வருசமாட்டு கேக்கறேன். அந்தக் கோபிக்காரரு வர மாட்டாரு சாரே. நீங்க எங்கூடப் பேசுங்க. இன்னிக்கு உங்க மொதல் தொடர்பு நானா இருக்கேன்"ங்கறாரு. யாருய்யா நீயி? எவன் உன்னக் கூப்புட்டான்? பொழப்பத்த மனுசன், அடுத்தவன் ஒப்பந்தத்துல வந்து உக்காரறான். சரி, அவருதான் விவரம் தெரியாதவரு. இந்த நாச்சி என்ன சொன்னான் தெரியுங்களா? அந்தக் கந்தல் கொரல்ல சொல்றான்: "நெம்ப சந்தோசமுங்க. அவன ஒரே ஒருக்கா கூப்பிட்டுப் பாத்துக்கறேன். வல்லீன்னா... உங்ககூடப் பேசறேன்."

எனக்கு ஒடம்பெல்லாம் எரிஞ்சுச்சுங்க! எப்பேர்ப்பட்ட ஏமாத்துப் பேச்சு அது! டீக்கடைல கையடிச்சுச் சத்தியம் பண்ணுனவன், இவ்வளவு நாளு இருந்துட்டு, எவனோ ஒரு கொச்சிக்காரருக்குப் போயி மொதப் பேச்சத் தூக்கிக் குடுக்கறானாம்! பட்டன அமுத்துனதே எனக்குத் தெரியாது.

"டேய் நாச்சி! மானங்கெட்டவனே! எவன்கூடடா பேசறேங்கற? உனக்கு வெக்கமா இல்ல?"

கால்சைன் கூடச் சொல்லலீங்க. எம் மொதத் தொடர்பு. கால்சைன் சொல்லாமப் பேசறது விதிமீறல், அது எனக்கா தெரியாது? "வயரு கட்ன மொகரையப் பாரு. சொன்ன சொல்லு நிக்குதாடா உங்கிட்ட? ஹாஸ்டல்ல எஞ் சோப்பத் திருடிக் குளிச்சவன்தானடா நீயி"ன்னு, வாயில வந்ததெல்லாம் வருது. நிறுத்த முடியல.

அப்ப மாடில இருந்து அமராவதி அலறறா. "ஏனுங்க! துணிக்கம்பி கையச் சுருக்கு சுருக்குனு புடுங்குதுங்க! ஈரத்துண்டோட தூக்கி எறியப் பாத்துச்சுங்க!"

சுவிட்சப் பாத்தேன். ஒண்ணாம் நம்பர்.

நான் மாத்தறப்ப கை தவறிப் போயிருக்குதுங்க. அது ஒரு விபத்து. அதுல ஆன்டனாவோட பெருமை ஒண்ணும் கெடையாது, அத மனசுல வெச்சுக்குங்க. நான் பட்டன உட்டேன். உட்டாத்தான அந்தப் பக்கம் பேசறது நமக்குக் கேக்கும். ஒரு சிரிப்பு கேட்டுச்சு. அது சிரிப்புன்னு கண்டுபுடிக்கவே நேரமாச்சு, தகரத்த இழுக்கற மாதிரி இருந்துச்சு. சிரிச்சு, இருமி, மறுபடியும் சிரிச்சு, "அமராவதி சத்தமும் கேக்குதுடா. துணிக்கம்பியா?"ன்னான்.

"விபத்துடா"ன்னேன்.

"தெளிவாக் கேக்குதுடா சென்னி. பக்கத்துல உக்காந்து பேசற மாதிரி கேக்குது. என்னால முடியல. நீ பேசு. நிறுத்தாத. திட்டிக்கிட்டாவது இரு"ன்னான்.

திட்டுனனுங்க. அமராவதியக் கம்பியத் தொடாதன்னு கத்திட்டு, உக்காந்து திட்டுனேன். டிராயிங் ஹால்ல எங் காம்பஸ எடுத்துட்டுப் போயி தொலைச்சது. எங் கல்யாணத்துல மொய் எழுதற எடத்துல தூங்குனது. தொண்ட கரகரங்கறப்பவே டாக்டரப் பாக்காம என்ன மயித்துக்குடா ரேடியோவுல கத்திக்கிட்டிருந்த நீயின்னு கேட்டேன். "நீ கேப்பியோன்னுதான்டா"ன்னான். அதுக்கு இன்னும் திட்டுனேன். எனக்கு அழுகை வந்துச்சுங்க. ஆத்திரத்துல வர்ற அழுகைங்க அது, வேற ஒண்ணுமில்ல. வெயில் ஏற ஏற சிக்னல் மங்கும், அது இயற்கை. அவன் மங்கிக்கிட்டே போறான், நான் இன்னும் சத்தமாத் திட்டறேன். கடைசில "இன்னும் கொஞ்சம்"னு சொன்னது மட்டும் கேட்டுச்சு. அதான் அவங் கொரலு. அதுக்கு மேல இல்ல.

குடிமங்கலம் தாண்டிட்டமா? கரண்டு எடுக்கற காத்தாடியெல்லாம் எப்புடிச் சுத்துது பாருங்க. இந்தக் காத்துதான் கேடு.

ஆப்பரேசனுக்கு நான் போகலீங்க. அமராவதி மட்டும் போயிப் பாத்துட்டு வந்தா. நான் போயி என்ன பண்றது, பேச முடியாதவன்கிட்ட? ஆனா ஊடு வந்து சேந்த மொத ஞாயித்துக்கெழமயே ரேடியோவுக்கு வந்துட்டான். மோர்ஸ்ல. அந்தக் காலத்துத் தந்தியாட்டம் கட்டுக் கடன்னு சாவியத் தட்டறது, பரிச்சைக்கு ரெண்டு பேரும் படிச்சதுதான். அதுலயும் அவன் மக்கு. ஒரு எழுத்து தட்டறதுக்குள்ள நமக்குக் கொட்டாவி வந்துரும். இங்கிலீசு எழுத்துல தமிழத் தட்டறான். ஒவ்வொண்ணாக் கூட்டிப் படிச்சா, "திட்டு"ன்னு வருது. வேற ஒண்ணும் இல்லீங்க, அது மட்டும்தான். அவன் தட்டுவான், நான் மைக்குல திட்டுவேன். வாரா வாரம் இதான் பொழப்பு. கொச்சிக்காரரும் ஓரமா உக்காந்து கேட்டுட்டு, கடைசில "நல்லாயிருந்துது சாரே"ம்பாரு. அவரையும் ரெண்டு திட்டுவேன்.

எதுலன்னா... ஒண்ணாம் நம்பர்லதான். மாத்தறதுக்கு நேரமில்லீங்க. ஞாயித்துக்கெழம மட்டும் அமராவதி துணியக் கைப்பிடிச் சுவத்துல போட்டுக்கறா. அதுக்கு ஒரு மொணமொணப்பு.

போன வாரம் வல்லீங்க. காலைல இருந்து உக்காந்திருந்தேன். சோறு எறங்கல. முள்ளு அசையவே இல்ல. அமராவதிய உட்டு போன் பண்ணச் சொன்னேன். தெய்வானை எடுத்து, அவரு நல்லாத்தான் இருக்காரு, காத்துல வேப்பங்கெளை முறிஞ்சு வயரு அத்துப் போச்சு, மேல ஏறக் கூடாதுன்னு நாங்கதான் புடிச்சு வெச்சிருக்கோம்னா. பாத்தீங்களா? மரத்துல கட்டாத, மரத்துல கட்டாதன்னு எத்தன தடவ சொல்லியிருப்பேன்!

அதான் இந்தப் பைப்பு. ஆமாங்க, அந்த வெர்டிகல்தான். கழட்டிட்டேன். ரெண்டு கம்பமா நட்டு, நடுவுல அவனோட வயரக் கட்டிக் குடுத்துட்டு வந்துருவேன். வயரு வயருதான், அதுல எனக்கு மதிப்பு வந்துருச்சுன்னு நெனைக்காதீங்க. கம்பமாவது ஒழுங்கா இருக்கட்டும்னுதான்.

உங்க தோட்டத்து ரேடியோவுக்கு என்ன போடறதா? இவ்வளவு நேரம் சொன்னனே, என்னத்தக் கேட்டீங்க? ஒரு இருவது முப்பது அடி வயரு வாங்கிக் கட்டுங்க. உங்க அளவுக்கு அது போதும்.

உடுமலை வந்துருச்சு. அந்தப் பக்கம் புடிங்க, மொள்ள, மொள்ள. அட, அங்க பாருங்க, வந்து நிக்கறான். யாரு இவன இந்த வெயில்ல வரச் சொன்னா? கழுத்துல துண்டச் சுத்தியிருக்கான் பாருங்க, அவன்தான். எளைச்சுட்டான். தோளெல்லாம் போயிருச்சு... கேக்குதுங்களா? பஸ்ஸு தகரத்துல விரலால தட்டறான் பாருங்க. கட்டு, கட, கட்டு... அதேதான்.

டேய் நாச்சி! பஸ்ஸு நிக்கறதுக்கு முன்னாலயே ஆரம்பிச்சுட்டயா? பைப்பப் புடிடா மொதல்ல, சோம்பேறி நாயே! கிட்ட வாடா!